நாய்களுக்கும் பூனைகளுக்கும் பூசணிக்காய் கொடுக்கும் முறை

பெரும்போக மழையுடன் சேனைகளிலும் மேட்டுக் காணிகளிலும் நாட்டப்படும் பூசணி, மாசி பங்குனி மாதங்களில் ஒருங்கே முற்றி அறுவடைக்கு வருகின்றது. அக்காலத்திற் சந்தை விலை வீழ்ந்துவிடுவது கமக்காரர் அனைவரும் அறிந்ததே. விலைபோகாத காய்களும், முள்ளம்பன்றி கடித்துப் பழுதாக்கிய காய்களும், ஏற்றியிறக்கும்போது வெடித்த காய்களும் முற்றத்தில் ஒதுக்கப்படுகின்றன. அவற்றை மாட்டுக்கும் ஆட்டுக்கும் வெட்டிப் போட்டு, எஞ்சியதை நாய்க்கும் பூனைக்கும் இடுவது பல வீடுகளில் வழக்கமாகும். நாய்க்கு மலங் கட்டினாலும் பூசணி, வயிற்றோட்டம் ஏற்பட்டாலும் பூசணி எனக் கைமருந்தாகக் கொடுப்போரும் உளர்.

இவ்வழக்கத்திற் பிழையில்லை. ஆனால், எந்தக் காயை, எவ்வாறு ஆக்கி, எவ்வளவு கொடுப்பது என்பதை அறியாது கொடுத்தால் நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும். காட்டுப்பன்றி வரும் இரவுகளிற் பயிருக்குக் காவலிருப்பது நாய். நெற்களஞ்சியத்தில் எலியை அடக்கி வைப்பது பூனை. இவற்றின் இழப்பு கமக்காரனுக்குச் சிறிய இழப்பன்று. ஆகவே இவ்வெளியீட்டிற் கூறப்படுவனவற்றை வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறியுமாறு வாசித்துக் காட்டுதல் நன்று. பெரும்பாலான வீடுகளில் நாய்க்குச் சோறு வைப்பவர் அவர்களே.

பூசணியில் உள்ள சத்துக்கள்

பூசணிச் சதையின் நிறையில் பத்தில் ஒன்பது பங்கு நீராகும். எஞ்சிய பங்கிற் சிறிது மாப்பொருளும், நார்ப்பொருளும், பொற்றாசியம் முதலிய கனியுப்புக்களும், சதைக்கு மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் கரற்றீன் என்னும் பொருளும் அடங்கியுள்ளன. புரதம் நூற்றுக்கு ஒரு பங்களவே உண்டு. கொழுப்பு இல்லையென்றே கூறலாம். 100 கிராம் அவித்த பூசணியிற் கிடைக்கும் சத்தி ஏறக்குறைய 20 கலோரியாகும். அதே நிறையுள்ள சோற்றில் 130 கலோரி வரை உண்டு.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பூசணி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. இரவு முழுவதும் ஓடித்திரியும் காவல் நாய்க்கும், குட்டிகளுக்குப் பாலூட்டும் நாய்க்கும் பூசணியை மிகுதியாகக் கொடுத்து மீனையும் இறைச்சியையும் குறைத்தால், அது நிறைந்த வயிற்றுடன் மெலிந்துபோகும். மாறாக, கட்டிப்போட்டு வளர்ப்பதாற் கொழுத்துவிட்ட நாய்க்குச் சோற்றிற் சிறு பங்கைக் குறைத்து அவ்விடத்திற் பூசணியைச் சேர்ப்பது பயன்தரும்.

நாய்க்கும் பூனைக்கும் இடையே உள்ள ஒரு வேற்றுமையையும் இங்கு கூறவேண்டும். நாயின் உடல் கரற்றீனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள வல்லது. பூனையின் உடலுக்கு அவ்வாற்றல் இல்லை. அது தனக்கு வேண்டிய விற்றமின் ஏ-யை ஈரல், மீன் போன்ற விலங்குணவுகளிலிருந்தே பெறவேண்டும். தோரின் என்னும் பொருளும் பூனைக்கு இன்றியமையாதது. அதுவும் மரக்கறிகளில் இல்லை. தோரின் குறையின் பூனையின் கண்பார்வையும் இருதயமும் கெடும். எனவே, மரக்கறி உண்ணும் வீட்டிற் பூனையும் சோறும் பூசணியும் உண்டு வாழலாம் என எண்ணுதல் தவறு. எலியைப் பிடித்து உண்ணும் பூனை ஓரளவு தப்பிக்கொள்ளும். அடைத்து வளர்க்கும் பூனைக்கு அவ்வழியுமில்லை.

நீற்றுப்பூசணி வேறு, பூசணி வேறு என்பதையும் மறத்தலாகாது. இங்கு கூறப்படுவது மஞ்சட் சதையுள்ள கறிப் பூசணியாகும். நீற்றுப்பூசணியில் நீரே மிகுதி. கரற்றீன் இல்லையென்றே சொல்லலாம். அவித்துச் சிறிது கொடுத்தாற் கேடில்லை; ஆயினும் அதனாற் பெரும் பயனுமில்லை. கண்ணூறு கழித்து நாற்சந்தியில் உடைத்த நீற்றுப்பூசணியை நாய்கள் நக்குவதைக் காண்கிறோம். அதிற் பூசிய குங்குமமும் அதன்மேற் கொளுத்திய கற்பூரமும் நாய்க்கு ஆகா. கற்பூரம் நஞ்சு. உடைத்தவரே அதனை அகற்றிப் புதைத்துவிடுதல் வேண்டும்.

ஆயத்தஞ் செய்தல்

நன்கு முற்றிய, காம்பு காய்ந்த, அழுகலற்ற காயைத் தெரிந்து, வெட்டுமுன் வெளித்தோலை நீரினாற் கழுவுக. தோலிற் படிந்த மண்ணும் பீடைநாசினியும் கத்தி வழியே சதையிற் சேராதிருத்தற்கே இவ்வாறு செய்யப்படுகின்றது. பின்னர் தோலைச் சீவி, விதைகளையும் அவற்றைச் சூழ்ந்துள்ள நார்ச் சோற்றியையும் அகற்றிச் சதையை மாத்திரம் சிறு துண்டுகளாக்குக.

இந்நிலையில் ஒரு துண்டை நாவினுனியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நல்ல பூசணி சிறிது இனிக்கும், அல்லது சுவையற்றிருக்கும். கசந்தால் அதனை உமிழ்ந்துவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுக. பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த செடிகளிற் குக்கபிற்றசின் எனப்படும் கசப்பு நஞ்சு இயற்கையாக உண்டு. பயிர்செய்யும் இனங்களில் அது மிகக் குறைவு. ஆயினும் எப்போதாவது ஒரு கொடியில் அது மிகுந்து தோன்றுவதுண்டு. அவித்தாலும் அது அழியாது. மனிதருக்கும் விலங்குக்கும் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். அத்தகைய காயின் விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தலும் ஆகாது.

துண்டுகளை உப்பின்றி நீராவியில் அவித்தல் சிறந்தது. நீரில் இட்டு அவிப்பதாயின் துண்டுகள் மூழ்குமளவு நீர் போதும். 15 முதல் 20 நிமிடத்தில் விரலால் அழுத்தினால் மசியும் பதம் வரும். நீரை வடித்து, நன்றாக மசித்து, ஆறவிட்டுக் கொடுக்கவும். எமது பூசணி நீர் மிகுந்ததாகையால், மசித்ததைச் சற்று நேரம் வடிதட்டில் வைத்து இறுகச் செய்தால் ஒரு கரண்டியில் உள்ள நார்ப்பொருள் கூடும். கடைகளிற் சில சமயம் கிடைக்கும் பிறநாட்டுத் தகரப் பூசணி இவ்வாறு இறுக்கப்பட்டதே. அதனை வாங்குவதாயிற் சீனியும் வாசனைச் சரக்கும் சேராததா எனத் தாளிற் பார்த்து வாங்கவேண்டும். முற்றத்திற் பூசணி கிடக்கத் தகரத்தில் வாங்குவது வீண் செலவு என்பதே எமது கருத்து.

பச்சைப் பூசணி நஞ்சன்று. எனினும் நாய் அதனை எளிதிற் சமிக்கச் செய்வதில்லை. பெருந் துண்டுகளை மெல்லாது விழுங்கினால் தொண்டையில் அடைபடவும் கூடும். மாட்டுக்குக் கூட முழுக்காயைப் போடாது சிறிதாக வெட்டிப் போடவேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

அளவு

முதன்முறையாகக் கொடுக்கும்போது பூனைக்கு அரைத் தேக்கரண்டியும், நாய்க்கு ஒரு தேக்கரண்டியும் வழக்கமான உணவுடன் கலந்து கொடுத்து, இரண்டு நாட் பொறுத்துப் பார்க்கவேண்டும். மலம் இளகாதிருந்தாற் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி போதும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேற் போகவேண்டியதில்லை. 5 கிலோ நிறையுள்ள சிறு நாய்க்கு ஒரு மேசைக்கரண்டியும், 15 கிலோ அளவான ஊர் நாய்க்கு இரண்டு அல்லது மூன்றும், பெரிய சாதி நாய்க்கு நான்கும் அளவாகும். அளவை மீறினால் மலம் இளகி, செம்மஞ்சள் நிறமாகப் போகும். அளவைக் குறைத்தால் இது தானே நீங்கும்.

பூசணியை எப்போதும் மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்த உணவுடனேயே கொடுத்தல் வேண்டும். கருவாட்டைச் சேர்ப்போர் அதனைப் பலமுறை நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பின்னரே சேர்க்கவும்.

பூசணிக் கறியைக் கொடுத்தலாகாது

எம் வீடுகளிற் பெரும்பாலும் நடைபெறும் தவறு இதுவேயாம். நாய்க்கென்று பூசணியைத் தனியாக அவிப்போர் சிலரே. மத்தியானக் கறிச்சட்டியின் அடியில் எஞ்சியதைச் சோற்றுடன் பிசைந்து வைப்போரே பலர். அக்கறியில் வெங்காயமும் உள்ளியும் உண்டு. அவை இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சாகும். அவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் இரத்தத்தின் செங்கலங்களைச் சிதைத்துவிடும். அவித்தாலும், வதக்கினாலும், பொரித்தாலும், காயவைத்துப் பொடியாக்கினாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. பூனை இதனால் நாயிலும் பார்க்க விரைவாகப் பாதிக்கப்படும்.

ஒருநாட் கறியால் நாய் வீழ்ந்துவிடுவதில்லை. அதனாலேயே இதன் தீமையைப் பலரும் உணர்வதில்லை. நாடோறும் சிறிது சிறிதாக உட்கொள்ளும் விலங்கு படிப்படியாகச் சோர்ந்து, உணவை வெறுத்து, ஓடும்போது இளைத்து நிற்கும். ஒரே முறை மிகுதியாக உண்டதாயின் சில நாட்கள் கழித்தே குறிகள் தோன்றும். நாயின் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய முரசு வெளிறி வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருந்தாலும், சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனாலும் இரத்தம் சிதைகின்றது என்று கருதி மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்.

கறியிலுள்ள உப்பும் செத்தல் மிளகாயும் வயிற்றை எரிக்கும். வறுத்த தேங்காயும் கடுகும் அரைத்துச் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் ஆக்கிய கறியில் எண்ணெய்ச் சத்து மிகுதி. வழக்கமின்றி அதனை மிகையாக உண்ணும் நாய்க்குச் சதையி என்னும் உறுப்பு அழற்சியுற்று, அடங்காத வாந்தியும் வயிற்று வலியும் உண்டாகலாம். இதற்குப் பரிகாரம் எளிது. கறிக்குப் பூசணியை அவிக்கும்போது, தாளிதமும் உப்பும் சேர்ப்பதற்கு முன்னரே நாய்க்கு வேண்டிய இரண்டு துண்டை எடுத்து வேறாக வைத்துவிடலாம். இதனால் விறகும் மிச்சம், வேலையும் மிச்சம்.

விதை, தோல், கொடி

விதையிற் புரதமும் எண்ணெயும் உண்டு. காயவைத்து, உப்பின்றி வறுத்து, மேற்றோல் நீக்கிப் பொடியாக்கி, நாய்க்குச் சிறு கரண்டியளவு கொடுக்கலாம். முழு விதையைப் பூனைக்கும் சிறு நாய்க்கும் கொடுத்தலாகாது. பூசணி விதை குடற்புழுவைக் கொல்லும் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. விதையில் அத்தகைய பொருளொன்று இருப்பது உண்மையே. ஆயினும் குட்டிகளின் இரத்தத்தை உறிஞ்சி உயிரைப் போக்கும் கொழுக்கிப்புழுவை விதைப்பொடியால் ஒழித்துவிடலாம் என நம்பியிருத்தல் ஆபத்தாகும். குட்டிகளுக்கு மிருக வைத்தியர் கூறும் பூச்சி மருந்தை உரிய அளவிற் கொடுப்பதே முறை. நாயின் வட்டப்புழுவும் கொழுக்கிப்புழுவும் மண் வழியே வீட்டுப் பிள்ளைகளையும் தொற்றக்கூடியவை என்பதை நினைவிற் கொள்க.

முற்றிய காயின் தோல் வன்மையானது. அது குடலில் அடைபடலாம். கொடியிலும் இலையிலும் உள்ள சுணை வாயையும் தொண்டையையும் உறுத்தும்.

அழுகிய காயும் நஞ்சுண்ட காயும்

விலைபோகாத காய்களை வயலோரத்திற் குவித்து அழுகவிடுவது நன்றன்று. பழ ஈ அங்கே பெருகி அடுத்த பயிரைத் தாக்கும் என்பது ஒரு காரணம். பூஞ்சணம் பிடித்த காயை நாய் உண்பது மற்றொரு காரணம். சிலவகைப் பூஞ்சணங்கள் நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அதனை உண்ட நாய் சில மணி நேரத்துள் நடுங்கி, தள்ளாடி, வலிப்புக் கொள்ளும். அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என எண்ணுவோர் உளர். பூசணி நீர் மிகுந்த காயாகையால் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் அழுகலைக் கடந்தும் ஊறியிருக்கக்கூடும். அத்தகைய காயை இரண்டடி ஆழத்துக்குக் குறையாது புதைத்து மண்ணிட்டு மூடுக.

பீடைநாசினி தெளித்த கொடியிலிருந்து, அதன் தாளிற் குறித்த நாட்கள் கழியுமுன் காய் பறித்தல் மனிதருக்கு மாத்திரமன்று, நாய்க்கும் தீங்காகும். பழ ஈக்கு வைக்கும் இனிப்பு நஞ்சிரையும், நத்தைக்குத் தூவும் மெற்றல்டிகைட்டு உருண்டையும், எலிக்கு வைக்கும் நஞ்சும் நாயைக் கவரும் மணமுடையவை. இவற்றை நாய் எட்டாதவாறு மூடிய பொறிகளில் வைக்கவேண்டும். நஞ்சுண்டதென ஐயமேற்பட்டால் உப்புக் கரைசலோ எண்ணெயோ வாயில் ஊற்றிக் காலத்தைப் போக்காது, மருந்துப் போத்தலையோ தாளையோ கையிலெடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் செல்க. எந்நஞ்சு என அறிந்தாலன்றி அவர் உரிய மாற்று மருந்தைக் கொடுத்தல் அரிது.

காட்டுப்பன்றியைக் கொல்லும் நோக்குடன் பூசணி முதலிய காய்களினுள் 'ஹக்க பட்டாஸ்' எனப்படும் வெடியை மறைத்து வைக்கும் கொடிய பழக்கம் வரண்ட வலயச் சேனைகளில் இன்னும் ஒழியவில்லை. இது சட்டவிரோதமானது. இதனைக் கடித்த யானைக்குட்டிகள் வாய் சிதைந்து, உணவுண்ண முடியாது, பல நாட்கள் வருந்தி இறக்கின்றன. காய்க்காகவன்றி அதன் மணத்துக்காக மோந்து கடிக்கும் காவல் நாய்க்கும் அதே கதியே நேரும். பிள்ளைகள் அதனைக் கையில் எடுத்தால் என்னவாகும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

நோயுற்ற விலங்குக்குக் கொடுத்தல்

பூசணியின் நார்ப்பொருள் நீரை உறிஞ்சிக் கூழ்போலாகும் தன்மையுடையது. உலர்ந்து கட்டிய மலத்தில் அது நீரைத் தேக்கி இளகச் செய்கின்றது. நீராகப் போகும் மலத்தில் மிகுந்த நீரை வாங்கி இறுகச் செய்கின்றது. ஒன்றுக்கொன்று மாறான இரு குறைகளுக்கும் ஒரே காய் உதவுவது இதனாலாகும். ஆனால், குடிக்க நீரில்லாத விலங்குக்கு நார்ப்பொருளைக் கொடுத்தால் மலம் மேலும் இறுகும். சிறுபோகக் காலக் கோடையிற் கிணறும் குளமும் வற்றும்போது நாய்க்கு மலங் கட்டுவதன் முதற் காரணம் நீரின்மையே. ஆகையாற் பூசணியைக் கொடுப்பதற்கு முன் ஒரு சட்டியில் நல்ல நீரை நிழலில் வைக்கவும்.

சுறுசுறுப்பாக ஓடியாடித் திரிந்து, உணவை விரும்பியுண்ணும் வளர்ந்த விலங்குக்கு ஏற்படும் சிறு கோளாறுக்கே பூசணி மருந்தாகும். இரண்டு நாளிற் குணங் காணாவிடின் அதை நம்பியிருக்கலாகாது. பின்வரும் நிலைமைகளிலோ ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

தடுப்பூசி போடாத குட்டிநாய் வாந்தியெடுத்து, துர்நாற்றமுள்ள இரத்த வயிற்றோட்டங் கொண்டாற் பெரும்பாலும் அது பார்வோ வைரசு நோயாகும். குட்டி இறப்பது உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதனாலும் கிருமிகள் இரத்தத்திற் கலப்பதனாலுமாகும். நாளம் வழியே நீரேற்றினாலன்றிப் பிழைப்பது அரிது. பூசணி கொடுத்துப் பார்ப்போம் என்று கழிக்கும் ஒரு நாள் அக்குட்டியின் உயிருக்கு விலையாகும்.

கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கி, கத்தி, பின்புறத்தை நக்கிக்கொண்டிருப்பதைக் காணும் வீட்டார், மலச்சிக்கல் என்றே எண்ணுகின்றனர். பல சமயங்களில் உண்மையில் அடைபட்டிருப்பது சிறுநீர் வழியாகும். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. மணல் போன்ற உப்புக் கற்களும் சளியும் அதனை அடைத்துவிடும். சிறுநீர் முழுவதும் நின்றுவிட்டால் இரண்டு மூன்று நாளில் மரணம் நேரும். ஆகவே, முக்கும் பூனை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரமில்லையாயின், அடிவயிற்றில் தேசிக்காய் போன்ற இறுகிய உருண்டை தென்பட்டால், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. அவ்வுருண்டையை அழுத்துதல் ஆகாது.

மூன்றாவது நிலைமை மனிதருக்கே ஆபத்தானது. நாயொன்று உணவை நாடியும் விழுங்கமாட்டாது, கீழ்த்தாடை தொங்கி, உமிழ்நீர் வடித்து, குரல் மாறி நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்றோ வயிறு கெட்டதென்றோ கருதி, வாயைத் திறந்து கையை நுழைப்பதும், மசித்த பூசணியையோ கஞ்சியையோ ஊட்ட முயல்வதும் ஊர்களில் நடைபெறுகின்றன. விசர்நோயிற் தொண்டைத் தசைகள் செயலற்றுப் போவதால் இக்குறிகளே தோன்றும். கடியாவிட்டாலும், கையிலுள்ள கீறலில் அவ்வுமிழ்நீர் படுதலே போதும். அத்தகைய நாய்க்கு எதனையும் ஊட்டலாகாது. தனியே அடைத்து வைத்து மிருக வைத்தியருக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கவேண்டும். உமிழ்நீர் பட்டவர் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நோய்க்குறி மனிதரிடம் தோன்றிய பின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாது. அதற்கு முன் போடும் ஊசியோ தவறாது காக்கும்.

சிறுநீரக நோயுள்ள முதிய பூனைக்கும், நீரிழிவுள்ள நாய்க்கும் வைத்தியரைக் கேட்டே பூசணியைக் கொடுக்கவும். முற்றாக உணவை மறுக்கும் பூனைக்கு எதையும் வலிந்து ஊட்டாமல் வைத்தியரிடம் காட்டவும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே அதன் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிராபத்து உண்டாகும்.

சேமித்தல்

நாய்க்கும் வீட்டுக்கும் வேண்டிய காய்களைக் காம்புடன் அறுத்து, சில நாள் வெயிலிற் தோல் இறுகவிட்டு, காற்றோட்டமுள்ள பரணில் வைக்கோலின் மேல் ஒன்றோடொன்று முட்டாது அடுக்கினால் இரண்டு மூன்று மாதங்களுக்குக் கெடாதிருக்கும். காம்பு ஒடிந்த காயையும் கீறல் விழுந்த காயையும் முதலிற் பயன்படுத்துக. வெட்டிய காயை விதை நீக்கி வைத்தால் இரண்டொரு நாள் தாங்கும். மசித்த பூசணியை, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், அன்றன்றே ஆக்கி அன்றே முடிக்கவேண்டும். பெட்டி உள்ள வீட்டில் மூடிய பாத்திரத்தில் மூன்று நாள் வைக்கலாம். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால், ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டியாகும். வேண்டும்போது ஒன்றிரண்டை எடுத்து இளக்கி, சோற்றுடன் பிசைந்து வைக்கலாம்.